வீட்டு சிசிடிவி: படம் தெரிகிறது, பதிவாகிறதா? முழுமையான பராமரிப்பு வழிகாட்டி

திருட்டு நடந்த வீட்டுக்கு வரும் போலீசார் முதலில் "கேமரா இருக்கா?" என்பார்கள். அடுத்து, "ரெக்கார்டிங்கை எடுத்துக் குடுங்க" என்பார்கள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் பல வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. ஹார்டு டிஸ்க் எப்போதோ நின்றுபோயிருக்கும். டிவியில் நான்கு கட்டத்திலும் படம் ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆருக்குள் ஹார்டு டிஸ்க்கே இல்லாவிட்டாலும் நேரலைப் படம் வரும். அதனால்தான் கேமராவைத் துடைப்பதற்கு முன்னால் பதிவைச் சோதிக்கச் சொல்கிறோம்.

தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் அதிகம் காண்கிற அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 4 அனலாக் எச்டி கேமரா, ஒரு டிவிஆர், கேமராக்களுக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, படத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் 3+1 கேபிள், போனில் பார்க்க ஓர் ஆப். வைஃபை கேமரா வைத்திருப்பவர்களுக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்த இடத்தில் சொல்கிறோம்.

கையில் இருக்க வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், மைக்ரோஃபைபர் துணி, 1 அங்குல பெயிண்ட் பிரஷ், கேமரா டப்பாவில் வந்த ஆலன் கீ, கூடுதலாக இரண்டு பிஎன்சி கனெக்டர் (படக் கேபிளின் முனை), இரண்டு டிசி பின் (மின்சார முனை), 32 ஜிபி பென் டிரைவ், தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுருள், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. கடைசியாகச் சொன்ன அடாப்டர்தான் கோளாறு கண்டுபிடிக்க அதிகம் உதவும். பழைய ரவுட்டரோடு வந்தது கிடந்தால் அதுவே போதும்; 12 வோல்ட் தானா, முனையில் உள்பக்கம் பாசிட்டிவ் தானா என்று மட்டும் மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றிரவு 2 மணிக்கு என்ன பதிவானது?

வாரம் ஒருமுறை, இரண்டு நிமிட வேலை.

1. டிவிஆரில் பிளேபேக்கைத் திறந்து இன்றைய தேதியைத் தேர்ந்தெடுங்கள்.
2. அதிகாலை 2 மணிக்குப் போய் ஒவ்வொரு சேனலையும் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பகலைப் பார்ப்பதில் பயனில்லை. இரவுப் பதிவு சரியாக இருந்தால் மின்சாரம், இருட்டில் படமெடுக்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்கு, டிஸ்க் மூன்றும் நலம் என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.
3. காலண்டரில் பதிவு இருக்கும் மிகப் பழைய தேதி எது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் டிஸ்க்கில் எத்தனை நாள் பதிவு இருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒரு கேமராவின் பிட்ரேட், அதாவது விநாடிக்கு எழுதும் தகவலின் அளவு, 2 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் சுமார் 11 நாள் நிற்கும். அதே கேமராக்களை, படத்தை இன்னும் சுருக்கி எழுதும் எச்.265 முறைக்கு மாற்றி பிட்ரேட்டை 1 மெகாபிட் ஆக்கினால் 22, 23 நாள் வரும். கணக்குப்படி 11 நாள் இருக்க வேண்டிய இடத்தில் 4 நாள்தான் இருக்கிறது என்றால், யாரோ பிட்ரேட்டை ஏற்றிவிட்டார்கள், அல்லது டிஸ்க் இடையிடையே நின்று எழுதுகிறது. 40 நாள் பழைய பதிவு இருந்து நேற்றையது இல்லை என்றால், டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழித்து எழுதும் 'ஓவர்ரைட்' அணைந்திருக்கிறது. ஸ்டோரேஜ் மெனுவில் அதை இயக்குங்கள்.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்திருந்தால் காலக்கோட்டில் இடைவெளிகள் இருப்பது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஆனால் வாசலுக்கும் கேட்டுக்குமாவது தொடர் பதிவு வைப்பதே எங்கள் பரிந்துரை. அசைவைக் கணிக்கும் வசதி மழை இரவில் எல்லாவற்றையும் பிடிக்கும், மங்கிய வெளிச்சத்தில் மெதுவாக நடப்பவரைக் கோட்டைவிடும்.

ஹார்டு டிஸ்க்

சிசிடிவிக்கு 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்ட தனி டிஸ்க்குகள் உண்டு: வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேலை செய்யும், சீக்கிரம் சாகும். டிவிஆர் மூடியைத் திறந்து டிஸ்க்கின் லேபிளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

மாதம் ஒருமுறை ஸ்டோரேஜ் மெனுவில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' தகவலைப் பாருங்கள். கெட்டுப்போன, கெட்டதாகச் சந்தேகிக்கும் பகுதிகளை எண்ணும் 'ரீஅலொகேட்டட் செக்டார்', 'பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகள் முக்கியம். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். 0 இல்லாமல், மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எண் கூடாவிட்டாலும் 4, 5 வருடம் இடைவிடாமல் ஓடிய டிஸ்க்கை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிஸ்க்கைக் கொல்வது இரண்டு: சூடு, திடீர் மின்தடை. டிவிஆரைத் திருடன் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று பரண்மேல், அடைத்த மர அலமாரியில், செட்டாப் பாக்ஸுக்கு மேலே என்று வைப்பார்கள். மறைப்பது சரி. காற்றுக்கு நான்கு பக்கமும் 10 செ.மீ. இடமும், அலமாரிக் கதவில் மேலும் கீழும் துளையும் வேண்டும். ஸ்மார்ட் பக்கத்தில் தெரியும் வெப்பநிலை சித்திரை வெயிலிலும் 50 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயிண்ட் பிரஷால் காற்றுத் துளைகளில் தூசு எடுங்கள்.

டிவிஆர் விடாமல் 'பீப்' அடித்தால் எரிச்சலில் பஸ்ஸரை அணைத்துவிடாதீர்கள். டிஸ்க் இல்லை, டிஸ்க் பிழை, கேமரா படம் வரவில்லை என்ற மூன்றில் ஒன்றைத்தான் அது சொல்கிறது. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் உடனே சரி சொல்ல வேண்டாம், ஃபார்மட் செய்தால் உள்ள பதிவெல்லாம் போய்விடும். தேவையானதை முதலில் பென் டிரைவில் எடுங்கள். ஃபார்மட்டுக்குப் பிறகு ஒரு வாரத்திலேயே பிழை திரும்ப வந்தால், மறுபடி ஃபார்மட் செய்து பார்ப்பது நேர விரயம். புது டிஸ்க் வாங்குங்கள்.

வைஃபை கேமராவில் டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு. இதற்கு ஆயுள் இன்னும் குறைவு. 'ஹை எண்டூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டையே வாங்குங்கள். மாதம் ஒருமுறை பிளேபேக்கைப் பாருங்கள். கார்டு எழுதுவதை நிறுத்திய பின்னும் ஆப் நேரலையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கடிகாரம்

பதிவு இருந்தும் நேரம் தப்பு என்றால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். டிவிஆர் திரையில் ஓடும் நேரத்தைப் போன் நேரத்தோடு மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். நெட்வொர்க் மெனுவில், இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபியை இயக்கி, நேர மண்டலத்தை +5:30 ஆக வைத்து, கோடைக்கால நேர மாற்றம் எனும் டிஎஸ்டியை அணைத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். கரண்ட் போய் வந்ததும் தேதி 2000ஆம் ஆண்டுக்கோ 1970க்கோ போய்விடுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. மல்டிமீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். சில மாடல்களில் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். அதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

மின்சாரம்: இரவில் மட்டும் போகும் கேமரா

பகல் முழுக்க நன்றாக இருக்கும், 7 மணிக்கு இருட்டியதும் ஒரு கேமரா கறுப்பாகும், அல்லது அணைந்து அணைந்து எரியும். எங்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான். கேமரா கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டுவார்கள், அதுவும் அப்படியே செய்யும். கோளாறு கேமராவில் இல்லை, அதற்குப் போய்ச் சேரும் வோல்டேஜில்.

இன்ஃப்ராரெட் விளக்கு எரியாத பகலில் கேமரா 0.15 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். இரவில் விளக்கும் சேர்ந்தால் 0.4 ஆம்பியர் ஆகலாம். 3+1 கேபிளில் மின்சாரத்துக்கான கம்பி மெல்லியது. 0.2 சதுர மி.மீ. செம்பு என்று வைத்தால், 50 மீட்டர் தூரத்துக்குப் போகவர 100 மீட்டரில் மின்தடை 8.6 ஓம். பகலில் 1.3 வோல்ட் இழப்பு, கேமராவுக்கு 10.7 கிடைக்கிறது, ஓடிவிடும். இரவில் 3.4 வோல்ட் இழப்பு, மிஞ்சுவது 8.6. கேமரா ரீஸ்டார்ட் ஆகிறது, விளக்கு அணைகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது. அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சுப் பூசிய மலிவுக் கேபிளில் இழப்பு இன்னும் அதிகம்.

சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். கேமரா முகப்பில் விளக்குகளுக்கு நடுவே உள்ள சிறிய ஒளி உணரியை விரலால் முழுதும் மூடுங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு படம் கறுப்பு வெள்ளையாகும், விளக்குகள் மங்கிய சிவப்பில் தெரியும். உணரியை மூடியபடியே கேமரா முனையில் வோல்டேஜை அளங்கள். கேமராவில் எழுதியிருப்பது 12 வோல்ட், 10 சதவீத ஏற்ற இறக்கம் என்றால் 10.8க்குக் கீழே இறங்கக் கூடாது. பிறகு எஸ்எம்பிஎஸ் முனையிலும் அளங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலேயே 12க்குக் குறைவாக இருந்தால் அதுதான் தளர்ந்துவிட்டது. உள்ளே கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். 4 கேமராவுக்கு 5 ஆம்பியர், 8 கேமராவுக்கு 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் போட்டுவிடுங்கள். அங்கே 12 இருந்து கேமரா முனையில் மட்டும் குறைந்தால் தூரமும் கம்பியும்தான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சிறு திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றுவது பலர் செய்யும் குறுக்கு வழி. பக்கத்தில் இருக்கும் மற்ற மூன்று கேமராவுக்கும் சேர்ந்தே ஏறிவிடும் என்பதால் 12.5க்கு மேல் போக வேண்டாம். தூரத்துக் கேமராவுக்கு மட்டும் அருகிலிருக்கும் பிளக்கில் தனி அடாப்டர் கொடுப்பதே நிலையான தீர்வு.

எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கும் முன் மெயினை அணையுங்கள். வெளியே போவது 12 வோல்ட்தான், உள்ளே வருவது 230. டப்பாவின் துளைகள் வழியாகப் பல்லி நுழைந்து டெர்மினலில் பட்டுக் கருகுவது நம் ஊர்களில் சாதாரணம். எறும்பும் கூடு கட்டும். பயன்படாத துளைகளை அடைத்து, காற்றுத் துளைகளில் உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள்.

கரண்ட் போனால்

600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, அதாவது 84 வாட் அவர். டிவிஆர், நான்கு கேமரா, ஃபைபர் மோடம் எல்லாம் சேர்ந்து 45 வாட் எடுத்தால், மாற்றும்போது ஆகும் இழப்பும் போக, புதுப் பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓடினாலே நல்லது. இரண்டு, மூன்று வருடத்தில் இது பத்து நிமிடமாகச் சுருங்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்திருந்தால் மணிக்கணக்கில் ஓடும். அதில் ஒரு சிக்கல்: இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்ச் 'ஈகோ' அல்லது 'நார்மல்' நிலையில் இருந்தால், கரண்ட் போகும் அந்த நொடியில் ஏற்படும் இடைவெளியில் டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகும். மின்விசிறிக்கு அது தெரியாது; எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு முறையும் அடி. சுவிட்சை 'யுபிஎஸ்' நிலைக்கு மாற்றுங்கள்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளே உங்கள் சோதனை நாள். எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, டிவிஆர் எப்போது அணைந்தது, போனில் படம் எதுவரை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிவிஆர் ஓடியும் போனில் படம் வரவில்லை என்றால் மோடத்துக்கு பேக்கப் தர மறந்திருக்கிறீர்கள். தெருவில் இருக்கும் இணைய நிறுவனத்தின் பெட்டிக்கே கரண்ட் இல்லாவிட்டால் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, பதிவு மட்டும் ஓடும்.

பிஎன்சியும் ஜங்ஷன் பாக்ஸும்

படம் மினுக்குவது, வண்ணம் போய்விடுவது, மழைக்குப் பிறகு "வீடியோ லாஸ்" என்று வருவது எல்லாம் பெரும்பாலும் பிஎன்சி முனையில் ஆரம்பிப்பவை. கழற்றிப் பார்த்தால் நடு ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றே இதற்குப் போதும்.

களிம்பைச் சுரண்டி அதே கனெக்டரை மாட்டினால் ஒரு மாதம் ஓடும். கேபிளை 2 செ.மீ. வெட்டி, உள்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்கும் இடம்வரை போய், புது கனெக்டர் போடுங்கள். வெட்டிய இடத்திலும் கம்பி கறுத்திருந்தால் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கிவிட்டது, இன்னும் வெட்டுங்கள். வலைக் கம்பியின் ஒரு இழைகூட நடு ஊசியைத் தொடக் கூடாது. தொட்டால் படமே வராது. முடித்ததும் ரப்பர் டேப்பை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகிப் பிரிந்துவிடும். அதை ரப்பர் டேப்புக்கு மேலே உறையாக மட்டும் பயன்படுத்தலாம்.

கனெக்டர்கள் கேமராவுக்குப் பின்னால் காற்றில் தொங்கக் கூடாது. பிவிசி ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும், கேபிள் பாக்ஸுக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் கேபிள் 10 செ.மீ. கீழே வளைந்து பிறகு மேலேற வேண்டும். கேபிள் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். மேலிருந்து நேராக இறக்கியிருந்தால் சிலிக்கான் எவ்வளவு பூசினாலும் ஒரு அடைமழையில் தண்ணீர் உள்ளே போகும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துரு ஏறிய திருகைக் கழற்றும்போது பாக்ஸே உடையும்.

படத்தில் கோடு கோடாக மேலும் கீழும் நகர்ந்தால் 230 வோல்ட் வயரும் கேமரா கேபிளும் ஒரே பைப்பில் போகின்றனவா பாருங்கள். 30 செ.மீ. தள்ளி வேறு பைப்பில் எடுங்கள். கேமராவின் உலோக உடல் இரும்பு கேட்டையோ கிராதியையோ தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கோடு வரும். நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைத்தால் போய்விடும்.

கேமராவைத் துடைக்கும் முறை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். சாலையோர வீடானால் மாதம் ஒன்று. முதலில் பிரஷால் தூசு தட்டுங்கள். தூசு இருக்கும்போதே துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டாம். டோம் கேமராவின் மூடி பாலிகார்பனேட். அம்மோனியா கலந்த திரவம் பட்டால் காலப்போக்கில் மங்கும். ஹோஸ் பைப்பால் பீய்ச்சி அடிப்பதும் வேண்டாம்.

டோம் கேமரா இரவில் மட்டும் பனிமூட்டமாகத் தெரிந்தால், மூடியில் உள்ள விரல் ரேகையும் தூசும் இன்ஃப்ராரெட் ஒளியை லென்ஸுக்கே திருப்பி அனுப்புகின்றன. துடைத்தும் போகவில்லையா? மூடியைக் கழற்றி, லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பர் வளையம் மூடியோடு ஒட்டி நிற்கிறதா பாருங்கள். அது விலகினால் விளக்கொளி உள்ளுக்குள்ளேயே லென்ஸில் விழும். உள்பக்கம் வியர்த்திருந்தால் வெயில் நேரத்தில் திறந்து உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள்.

இரவு முழுக்க போனுக்கு எச்சரிக்கை வந்து குவிந்தால் பெரும்பாலும் சிலந்திதான். ஒரே ஒரு நூல் விளக்குக்கு முன்னால் காற்றில் ஆடினாலும் திரையில் வெள்ளைக் கயிறாகத் தெரியும். ஒட்டடைக் குச்சியை வாரம் ஒருமுறை கேமரா பக்கமும் நீட்டுங்கள். கேமராவிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஓர் எல்இடி பல்பு எரியவிட்டால் பூச்சிகள் அங்கே போகும், படமும் வண்ணத்தில் பதிவாகும். குளவி மண்கூடு கட்டியிருந்தால் இருட்டியபின் எடுங்கள்.

பகலில் படம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. பகலுக்கும் இரவுக்கும் மாறும் ஃபில்டர் உள்ளே சிக்கிக்கொண்டது. ஒளி உணரியை விரலால் நாலைந்து முறை மூடித் திறந்தால் சில சமயம் விடுபடும். விடுபடாவிட்டால் கேமராவை மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது கவனிக்க: இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்று உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். புதுக் கேமராவில் படம் கறுப்பு வெள்ளையாகவோ கலங்கலாகவோ வந்தால் பதற வேண்டாம்; கேமராவும் டிவிஆரும் பயன்படுத்தும் பட சிக்னல் வகை (டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி) பொருந்தவில்லை. கேபிளில் இருக்கும் சிறு ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கமாக 5 விநாடி அழுத்திப் பிடித்தால் அடுத்த வகைக்கு மாறும்.

கதவு சென்சார், ஹூட்டர்

அலாரம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து ஹூட்டர் எனும் சைரன் அடிக்கிறதா பாருங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். காந்த சென்சாரின் இரு பாதிக்கும் நடுவே 2 செ.மீ.க்கு மேல் இடைவெளி போனால் கதவு திறந்ததாக எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி, சரியாகச் சாத்தாமல் நிற்கும்போது நள்ளிரவில் அலறுவது இதனால்தான். சென்சாரைத் தை மாசியில் மாட்டியிருந்தால் ஐப்பசியில் ஒருமுறை இடைவெளியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அறைக்குள் அசைவை உணரும் பிஐஆர் சென்சார் ஏசி காற்று, திரைச்சீலை, ஜன்னல் வெயில் மூன்றுக்கும் நேரே இருக்கக் கூடாது. வயர்லெஸ் சென்சார்களின் பேட்டரியை, குறைந்துவிட்டது என்று ஆப் சொல்லும் வரை விடாமல், வருடம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு, ஆப், மாட்டிக் கொடுத்தவர்

2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் லட்சக்கணக்கான டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்து இணையத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. அது உள்ளே நுழைந்த வழி, யாரும் மாற்றாமல் விட்ட தொழிற்சாலை பாஸ்வேர்டுகள். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மாட்டிக் கொடுப்பவர் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டிருப்பார், ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

செய்ய வேண்டியது: அட்மின் பாஸ்வேர்டை 12 எழுத்துக்குக் குறையாமல் மாற்றுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் பெயர் கொடுங்கள். ரவுட்டரில், வெளியிலிருந்து டிவிஆருக்கு நேராக வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங், யுபிஎன்பி இரண்டையும் அணையுங்கள். நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்க்க இவை தேவையில்லை. டிவிஆரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை நிறுவனத்தின் தளத்திலிருந்து, அதே மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும் போடுங்கள், கரண்ட் போக வாய்ப்பில்லாத நேரத்தில்.

இதையெல்லாம் செய்தும் ஓர் ஓட்டை இருக்கும். ஆப்பில் உங்கள் டிவிஆர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மாட்டிய அன்று அவசரத்தில் மாட்டிக் கொடுத்தவர் தன் கணக்கிலேயே சேர்த்து, உங்களுக்குப் பகிர்ந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் வீட்டு வாசல் இன்றுவரை அவர் போனிலும் தெரியும். ஆப்பில் உங்கள் டிவிஆர் 'பகிரப்பட்டது' என்று காட்டினால், அவரை அழைத்துத் தன் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் எண்ணில் புதிதாகச் சேருங்கள்.

ஐப்பசிக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் கடைசிக்குள் ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து பார்த்து, வளைவுகளைச் சரிசெய்து, யுபிஎஸ் பேட்டரியைச் சோதித்து வையுங்கள். இடிதான் பெரிய எதிரி. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நீளமான கேபிள் ஆண்டெனா மாதிரி. பக்கத்தில் எங்கோ விழும் இடியின் மின்னழுத்தமும் அதில் ஏறி டிவிஆரின் போர்டைத் தாக்கும். ஒரே இடியில் நான்கு சேனலும் போவது இப்படித்தான். மாடிக் கேமராக்களுக்கு சர்ஜ் பாதுகாப்புச் சாதனம் மாட்டலாம், ஆனால் வீட்டு எர்த் நன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பிளக் பாயிண்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜை எலக்ட்ரீசியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ் நியூட்ரல் அளவிலிருந்து பெரிதும் விலகினால் எர்த்தைக் கவனிக்க வேண்டும். தலைக்குமேல் இடி வெடிக்கும்போது வீட்டில் ஆள் இருந்தால் டிவிஆரை முறைப்படி அணைத்துப் பிளக்கைக் கழற்றுவதே உத்தரவாதமான வழி.

ஒரு கேமரா போய்விட்டால்

ஆளைக் கூப்பிடும் முன் பத்து நிமிடத்தில் கோளாறை ஓரிடத்துக்குள் அடக்கிவிடலாம். டிவிஆருக்குப் பின்னால் போய், படம் வராத கேபிளையும் நன்றாக இருக்கும் ஒரு கேபிளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். நல்ல கேமரா இப்போது வரவில்லை என்றால் டிவிஆரின் அந்தப் போர்ட் போய்விட்டது. கறுப்புக் கட்டம் கேபிளோடு சேர்ந்து நகர்ந்தால் டிவிஆர் நலம். அடுத்து, சந்தேகப்படும் கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, 12 வோல்ட் அடாப்டரில் நேராகச் செருகி, ஒரு மீட்டர் கேபிளில் டிவிஆரோடு இணையுங்கள். படம் வந்தால் கேமரா நலம், குற்றவாளி கேபிளோ கனெக்டரோ மின்சாரமோ. வராவிட்டால் கேமராதான். எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் போயிருந்தால் இதெல்லாம் தேவையில்லை, நேராக எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்.

ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

சம்பவம் நடந்தால் பதிவை எடுப்பது

முதல் வேலை, ஓவர்ரைட் ஆகி அழியாமல் காப்பது. 11 நாள் நிற்கும் டிஸ்க்கில் 12ஆம் நாள் அது இருக்காது. அன்றே எடுங்கள். அந்தக் காட்சியை 'லாக்' செய்யும் வசதி டிவிஆரில் இருந்தால் லாக் செய்யுங்கள்.

பென் டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பல டிவிஆர்களுக்கு வேறு வடிவம் தெரியாது. பேக்கப் மெனுவில் சேனலையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து எடுங்கள். நோட்டம் பார்க்க வந்தவர் பெரும்பாலும் அந்த முன் அரை மணியில்தான் இருப்பார். நிறுவனத்தின் பிளேயர் மென்பொருளையும் சேர்த்து ஏற்றும்படி கேட்டால் சரி சொல்லுங்கள். எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கொடுங்கள். திரையைப் போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது உடனடித் தேடலுக்கு உதவும், ஆதாரமாகாது.

டிவிஆரின் நேரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் கடிகாரத்தைத் திருத்த வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்கச் சான்றிதழ் தேவை. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் இன்னொரு பகுதியையும் நிரப்புவார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெறும். எடுத்த கோப்பை வெட்டி ஒட்டினாலோ வேறு வடிவுக்கு மாற்றினாலோ அந்த எண் மாறிவிடும். ஆகவே அசல் கோப்பு அப்படியே ஒரு பென் டிரைவில் தனியாக இருக்கட்டும். போலீசார் டிவிஆரையே எடுத்துப் போனால் மாடல், சீரியல் எண், டிஸ்க்கின் சீரியல் எண் மூன்றும் ரசீதில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.